கலெக்டர் பங்களாவில் இரண்டு இரவு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சோழபுரம் பக்கத்துக் குடும்பங்கள் வங்கக் கடலோரத்தின் அந்த மூலைக்குப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: திருக்கடையூர். அப்பாவுக்கு அறுபது நிறைந்தால் மணிவிழா, எண்பது நிறைந்தால் சதாபிஷேகம். அமிர்தகடேசுவரர் கோவிலில் விடியற்காலையில் ஹோமம், கலச நீர் அபிஷேகம், அம்மா கழுத்தில் மறுபடியும் ஒரு தாலி, அபிராமி சன்னிதியில் அர்ச்சனை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வேனில் ஏறினால் நடுராத்திரிக்குள் வீடு.

அந்த வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே எட்டுக் கிலோமீட்டர் போல ஓடினால் தரங்கம்பாடி. சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பியதும் 1792இல் கட்டிய நகர வாசல், அதற்குள் நேர்கோடாய் ஒரு வீதி, வீதியின் முடிவில் டேனிஷ் கோட்டை. கோட்டைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, மேல்மாடி வராந்தாவும் தூண்களுமாக ஒரு இரண்டடுக்கு வீடு நிற்கிறது. ஊரார் வழக்கில் பழைய கலெக்டர் பங்களா. இன்று அது நீம்ரானா நிறுவனம் பழுதுபார்த்து நடத்தும் தங்கும் விடுதி. பெயர் 'பங்களா ஆன் த பீச்'. மொத்தமே எட்டு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பழைய டேனிஷ் கப்பலின் பெயர். விழா முடிந்த களைப்போடு அன்றே ஊர் திரும்புவதை விட, பெரியவர்களை இங்கே இரண்டு இரவு தங்கவைப்பது நல்லது. எப்படித் தங்குவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில், இந்த வீடு இங்கே ஏன் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போகிறவருக்கு இது கடற்கரையில் ஒரு பெரிய வீடு, அவ்வளவுதான்.

1306ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவில் கடல் விளிம்பிலேயே இருக்கிறது. அதன் கல்வெட்டு இந்த ஊரை சடங்கன்பாடி என்றும் குலசேகரப்பட்டினம் என்றும் சொல்கிறது. பாண்டியன் பெயரைத் தாங்கிய துறை என்பதால் தெற்கத்திக்காரர்களுக்கு இது அந்நிய ஊரே இல்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்கின் ஓவ ஜெட்ட இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

துறைமுகம் என்றதும் தூத்துக்குடி மாதிரி கப்பல் வந்து அணையும் தளத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கையும் ஆளையும் கொண்டுசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை தூக்கிக் கரையில் அடித்தாலும் தையல் நெகிழ்ந்து கொடுக்கும், பலகை பிளக்காது. சென்னையிலும் செயற்கைத் துறைமுகம் வரும்வரை இதே கதைதான். தரங்கம்பாடியின் மிளகும் துணியும் ஐரோப்பாவுக்குப் போனது இந்தத் தையல் படகுகளில் ஏறித்தான்.

1845இல் டென்மார்க் இந்த ஊரை, வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. லண்டனில் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் அலுவலகம் இங்கே வந்தது. பங்களாவுக்குக் கலெக்டர் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். 1860 வரை ஜில்லாவின் தலைநகரம் தரங்கம்பாடிதான். பிறகு அலுவலகம் போய்விட்டது. அடுத்த அடி 1861இல் விழுந்தது: ரயில் பாதை நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போடப்பட்டது. சரக்கு முழுதும் நாகப்பட்டினத்துக்குத் திரும்பியது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல்தான். மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, வந்த அந்தக் கிளைப் பாதையும் 1986இல் மூடப்பட்டது.

இந்த நஷ்டத்தால்தான் பங்களா பிழைத்தது. வியாபாரம் செழித்த துறைமுகங்களில் பழைய வீடுகளை இடித்துக் கிடங்கு கட்டினார்கள், பிறகு கிடங்கை இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். இங்கே இடிக்கக் காரணமும் இல்லை, காசும் இல்லை. அதனால் வீதிகள் டேனிஷ் காலத்து வரைபடத்தில் இருந்த மாதிரியே இருக்கின்றன. கடல் மட்டும் கோவிலின் முகப்பையும் கரையோரத்தின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது.

இனி வீட்டுக்குள். நட்சத்திர ஹோட்டலைப் பார்க்கும் கண்ணோடு இந்த மாதிரி வீட்டைப் பார்த்தால் ஏமாற்றம் வரும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவரின் கண் வேண்டும். சுவர் எப்படி, காற்று எந்தப் பக்கம், படி எத்தனை உயரம், தண்ணீர் எப்படி என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்துப் பெரியவர்கள். காரைவீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இங்கே பாதி வேலை மிச்சம்.

சுவரில் விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் வெள்ளையாய்ப் பொடி ஒட்டினால் முகம் சுளிக்க வேண்டியதில்லை, அது சுண்ணாம்பு. இந்தக் கரையோரத்தில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் புளிக்கவைத்த சாந்தில்தான் செங்கல்லை வைத்தார்கள். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் இறங்கும். வெயில் அடித்ததும் ஈரம் வெளியே வரும், உப்பும் கூடவே வந்து மேல்பூச்சில் பூக்கும். பூச்சு பொரிந்து உதிரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். உதிர்வது மேல்தோல்தான், உள்ளே செங்கல் பத்திரமாக இருக்கும்.

இதன் மேல் சிமெண்ட் பூசி, பளபளப்பான பெயிண்ட் அடித்தால் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபடும். உப்பு உள்ளேயே கட்டிபடும், செங்கல்லே பொடியாகும். வெளியே பார்க்க அழகாய் இருக்கும் சுவர் பத்துப் பதினைந்து வருடத்தில் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து விழும். ஆகவே பழைய கடலோர விடுதி எதிலும் அங்கங்கே திட்டுத்திட்டாய்ப் புதுச் சுண்ணாம்பு தெரிந்தால் அந்த வீட்டை யாரோ அக்கறையாய்க் கவனிக்கிறார்கள் என்று பொருள். சுவர் முழுக்க வழுவழுவென்று மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பங்களாக்களின் மேல்தளம் பெரும்பாலும் கட்டக்குத்துதான்: தேக்கு உத்தரத்தின் மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள், சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கியது. உயரமான கூரை இருந்தால் சூடு மேலேயே தங்கும். சாய்பலகை வைத்த கதவும் ஜன்னலும் வெளிச்சத்தைத் தடுத்துக் காற்றை விடும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டைத் திறந்தால் பிற்பகலில் கடற்காற்று அறையைக் குறுக்கே கடந்துபோகும். இந்த வீடுகளில் ஏசியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது இருந்து பார்க்க வேண்டும். கட்டியவர்கள் எதற்காக இத்தனை கதவுகள் வைத்தார்கள் என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரியும்.

அறை பதிவு செய்யும்போது இணையத்தில் பணம் கட்டிவிட்டு விட்டுவிடாமல் விடுதிக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிடுவது நல்லது. எட்டே அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை போல இன்னொன்று இருக்காது. மேல்மாடியில் காற்றும் கடலும் உண்டு. ஆனால் பழைய வீட்டு மாடிப்படி உயரம், கட்டில் உயரம், நிலைப்படியும் உயரம். முழங்கால் வலிக்காரருக்கு மாடி வேண்டாம், கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்குங்கள். குளியலறையைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். இந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் அறையோடு சேர்ந்த குளியலறை கிடையாது, பின்னால் தடுத்துச் சேர்த்ததுதான். அதனால் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு படி ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்கும். ராத்திரி அரைத்தூக்கத்தில் எழும் பெரியவர்கள் தடுக்கி விழுவது அந்த ஒற்றைப் படியில்தான். சின்ன டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜன்னல் கடலைப் பார்த்ததா, தெருவைப் பார்த்ததா? வராந்தா அந்த அறைக்கு மட்டுமா, எல்லோருக்கும் பொதுவா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் ஓடுமா, விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமா? காலை உணவு வாடகையில் சேர்ந்ததா? இந்த நான்கையும் முன்கூட்டிக் கேட்டுவிட்டால் போய் இறங்கிய பிறகு மனத்தாங்கல் வராது. வரியும் கணக்கில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். வாடகை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தால், வார நாளுக்கு மாற்றிக் கேட்டாலே மொத்தத் தொகை கணிசமாகக் குறைய வாய்ப்பு உண்டு.

விடுதி பழையதா, பழைய மாதிரியா என்பதையும் பதிவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயம். இரண்டிலும் தங்கலாம், ஆனால் கிடைக்கும் அனுபவம் வேறு. கொச்சிக் கோட்டையில் துறைமுக வாயிலைப் பார்த்து நிற்கும் பிரன்டன் போட்யார்ட், விக்டோரியா காலத்துப் படகு கட்டும் தளம் இருந்த இடத்தில் பழைய பாணியில் புதிதாக எழுப்பியது. கப்பல் போக்குவரத்தை அறையிலிருந்தே பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு. சுவர் மட்டும் புதியது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், 1996இல் மூடிப் பழுதுபார்த்து 2001இல் திறந்தது. பெரிய ஹோட்டல், ஆடம்பரமும் அதற்கேற்றபடி. கொழும்புத் துறைமுகத்துக்கு எதிரே 1875இல் திறந்த கிராண்ட் ஓரியண்டல் அதற்கு முன் ராணுவக் குடியிருப்பாக இருந்தது. 1890இல் ருஷ்ய எழுத்தாளர் செகாவ் தங்கிய இடம் அது. இவற்றோடு வைத்துப் பார்த்தால் தரங்கம்பாடி வீடு சிறியது, அமைதியானது. இரவில் கடல் சத்தத்துக்கு மேல் வேறு சத்தம் அதிகம் கேட்காது.

எந்த மாதம் போவது? தை, மாசி, பங்குனி மூன்றும் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில்தான் முதலில் இறங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் பகல் கடுமையாகச் சுடும், பிற்பகலுக்கு மேல் கடற்காற்று வந்து காப்பாற்றும். ஆடியில் நம் பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியே குளிர்ந்து வீசும் அதே மேல்காற்று, இத்தனை நிலத்தைக் கடந்து இங்கே வரும்போது அனலாகியிருக்கும்.

மீனுக்காகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. கட்டுமரம், நாட்டுப்படகில் வரும் மீன்தான் கிடைக்கும். அளவு குறைவு, விலை கூடுதல். மற்ற மாதங்களில் வஞ்சிரமும் இறாலும் நண்டும் தாராளம். சின்ன விடுதிச் சமையலறை ஆள் எண்ணிக்கை பார்த்துத்தான் சந்தைக்குப் போகும். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சைவக்காரர்களும் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல சாம்பார் கிடைக்கும்.

முடிந்தால் பௌர்ணமியை ஒட்டிப் பதிவு செய்யுங்கள். வீடு கிழக்குப் பார்த்தது. பொழுது சாயும் நேரத்தில் நிலா கடலுக்குள்ளிருந்து செம்பு நிறத்தில் எழும்பும். மேல்மாடி வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த அரைமணி நேரத்தைப் பார்ப்பதற்காகவே இரண்டு இரவு தங்கலாம். ஓர் இரவு என்றால் மேகம் மறைத்துவிட்டால் போச்சு.

போகும் வழி முன்பைவிட எளிது. செங்கோட்டை–மயிலாடுதுறை விரைவு ரயில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கிறது. காலையில் ஏறினால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மாலையில் மயிலாடுதுறை. தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் மதுரையை விட்டு மானாமதுரை வழியாகத் திருப்பிவிடுவது உண்டு. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு போகும் பேருந்து தரங்கம்பாடியில் நிற்கும். சுமார் முப்பது கிலோமீட்டர். மூட்டையும் பெரியவர்களும் இருந்தால் கார்.

ஊருக்குள் எல்லாம் நடை தூரம். வெயில் ஏறுவதற்குள் நடந்துவிட வேண்டும். 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. மறு வருடமே இறந்த அவர் அதனுள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். எதிரே 1701இன் சீயோன் ஆலயம். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு பழுதுபார்த்த கவர்னர் பங்களாவைக் கோட்டைக்கு எதிரே பார்க்கலாம். தட்டார் தெருவில் இன்டாக் அமைப்பு பழுதுபார்த்த தமிழ் வீடுகள் இருக்கின்றன. கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வார விடுமுறை எந்த நாள் என்று விடுதியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் தடுப்பைத் தாண்டி இறங்குபவர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி இந்தக் கரையில் ஏறி, பக்கத்து மீனவர் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் அதே கரையில்தான் வலை பிரிக்கிறார்கள். அவர்களைப் படம் பிடிக்க வேண்டுமானால் கேட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். பொழுது விடிந்து படகுகள் திரும்பும்போது மணலிலேயே ஏலம் நடக்கும். தள்ளி நின்று பார்க்கலாம், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவது மட்டும் வேண்டாம். அலை இழுப்பு அதிகமான கரை இது. குளிக்க விடுதியின் குளமே போதும்.

அறையைக் காலி செய்யும் நாளில் அவசரப்பட வேண்டியதில்லை. மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டை திரும்பும் ரயில் நண்பகல் வாக்கில்தான் கிளம்பும், இரவுக்குள் ராஜபாளையம் வந்துவிடும். கார் எடுத்தவர்கள் பொறையாறு வழியாகப் போய், கடுதாசிப்பட்டறை என்ற இடத்தைக் கேட்டு ஒரு முறை வண்டியை நிறுத்தலாம். 1715இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியபோது ஐரோப்பாவிலிருந்து வந்த காகிதம் போதவில்லை. அதற்காக இங்கேயே ஒரு காகிதப் பட்டறை வைத்தார்கள். பட்டறை சீக்கிரமே நின்றுபோனது. முந்நூறு வருடம் கழித்தும் அந்தப் பக்கத்து ஆட்கள் இடத்துக்கு வழி சொல்லும்போது கடுதாசிப்பட்டறை என்றுதான் சொல்கிறார்கள்.